சீதனத்தில் வந்த தவக்கை

“பின் சீற் எங்கை?” என்று மாமி கேட்டார்.

போன கிழமை இந்தப் பத்தியை என் கலியாணத்தோடு நிறுத்தியிருந்தேன். இது அதற்கு அடுத்த நாட்களில் நடந்தது. கலியாணம் முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் மாப்பிள்ளை வீட்டுக்குக் கால்மாறிப் போவது எங்கள் வழக்கம். நானும் என் கணவர் சிவபாலனும் அரியாலையில் இருந்து சீதனக் காரில் புறப்பட்டு, கீரிமலைப் பக்கம் இருந்த மாமி வீட்டில் போய் இறங்கியிருந்தோம்.

மாமி அரக்குப் பட்டு உடுத்து வாசல் படலையடியில் நின்றார். ஒரு கையில் அர்ச்சனைத் தட்டு, மற்றக் கையில் சுடுதண்ணிப் போத்தல். பின்னால் தலை நிறையப் பூவோடு என் மச்சாள்மார் இரண்டு பேர். எல்லோருமாகப் புதுக் காரில் ஏறி, கீரிமலைக் கேணியில் கால் நனைத்து, கோயிலைக் கும்பிட்டு, வழியில் உள்ள சொந்தக்காரர் வீடுகளில் எல்லாம் நிறுத்தி, காரை மட்டும் காட்டிவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். அயல் சனமும் வேலியோரம் வந்து நின்றது.

மாமி காரை ஒருமுறை சுற்றி வந்தார். கார் அவருடைய இடுப்புயரம்தான் இருந்தது. கரும்பச்சை நிறம். முன்னுக்கு இரண்டு விளக்குகளும் முழி பிதுங்கினமாதிரி. மாமி குனிந்து, இருக்கைகளுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே ஒரு மேலதிகச் சில்லும் என் தோல் பெட்டியும் கிடந்தன.

“பின் சீற் இல்லை மாமி,” என்றேன்.

“கழட்டி வைச்சிருக்கோ?”

“இல்லை. செய்யேக்கையே இல்லை.”

மாமி நிமிர்ந்தார். “அப்ப மேலுக்குக் கூரை?”

“ஒரு துணி இருக்கு. ஆனால் அது பூட்டுப்படாது.”

வேலியோரம் நின்ற பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். “என்ன தம்பி, மிச்சக் காரை எங்கை விட்டிட்டு வாறியள்?”

சின்ன மச்சாள் சிரித்துவிட்டாள். மாமி அவளைப் பார்த்த பார்வையில் அவள் தலையில் இருந்த பூவே வாடியிருக்கும். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“உன்ரை கொப்பர் என்ன நினைச்சுக்கொண்டு இதை வாங்கினவர்?”

நியாயமான கேள்வி. ஐயா என்ன நினைத்தார் என்று சொல்வதென்றால் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

கார் எண்டால் கார்தானே

என் ஐயா இளைப்பாறிய தபால் அதிபர். வாழ்நாள் முழுக்கத் தந்திகளோடு இருந்தவர். தந்தியில் ஒரு சொல் கூடினால் காசு, ஒரு சொல் குறைந்தால் கருத்துப் பிழை. அதனால் சனம் வாயைத் திறந்தால் சொன்ன சொல்லை மட்டுமே எடுத்துக்கொள்வார். சொல்லாததை அவர் ஊகிக்க மாட்டார்.

அது எண்பத்துமூன்றில் நடந்த பெரிய கலவரத்துக்கு அடுத்த வருசம். கொழும்பில் வீடு எரிந்தது, கடை எரிந்தது, உடுத்த உடுப்போடு சனம் கப்பலில் வந்து இறங்கியது. மாப்பிள்ளைமாரின் பெறுமதி மட்டும் ஒரு கீறல் விழாமல் வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்ததோடு நில்லாமல் ஏறியும் விட்டது. சிவபாலன் கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞர். மாற்றலாகி, யாழ்ப்பாணத்து அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு வந்திருந்தார். எரிந்தது அவருடைய ஒரு சூட்கேஸ். அதற்கு நட்டஈடு நாங்கள் கட்டவேண்டும் என்பதுபோலத்தான் பேச்சு நடந்தது.

வீடு என்றார்கள், ஐயா ஓம் என்றார். நகை என்றார்கள், ஓம் என்றார். எல்லாம் முடிந்தது என்று வெற்றிலை மாற்றப் போகிற நேரத்தில் தரகர் மறுபடி வந்து குந்தினார்.

“ஒரு காரும் வேணுமெண்டு தாய்க்காரி சொல்லுறா.”

“என்ன கார்?” என்று ஐயா கேட்டார்.

“கார் எண்டால் கார்தானே ஐயா.”

ஐயா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் இருந்த விசத்தைத் தரகர் கவனிக்கவில்லை.

எங்களிடம் அப்போது ஒரு பழைய நாலு கதவுக் கார் இருந்தது. அதில்தான் ஐயா எனக்குக் கார் ஓட்டப் பழக்கினார். அதையே கழுவித் துடைத்துத் தந்துவிடுவார் என்று மாப்பிள்ளை வீட்டார் கணக்குப் போட்டிருந்தார்கள். ஐயாவுக்கோ அந்தக் காரை விட்டுப்பிரிகிற எண்ணம் துளியும் இல்லை.

சம்பந்தம் பேசிய டொக்டர்

உடுவிலில் ஒரு டொக்டர் இருந்தார். மிசன் பள்ளிக்கூடம், தேவாலயம், பியானோ என்று வாழ்ந்த குடும்பம். பிள்ளைகள் அவுஸ்திரேலியாவில். அவரும் மனைவியும் போகப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தில் படித்துவிட்டுத் திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று அவரிடம் நின்றது. அதை வாங்கப் போகிறோம் என்று ஐயா என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

கார் ஒரு கொட்டிலுக்குள் சாக்கு மூடி நின்றது. மேலே கூரை வளையில் வெங்காயப் பிணையல்கள் தொங்கின. சாக்கை இழுத்ததும் வெங்காயமும் பழைய தோலும் எண்ணெயும் கலந்த ஒரு மணம் வந்தது. இன்றைக்கும் சமைக்கும்போது சில வேளை அது திடீரென்று வந்து போகும்.

டொக்டர் ஐயாவை ஒரு கதிரையில் இருத்தி விசாரிக்கத் தொடங்கினார்.

“ஆர் ஓடப் போறது?”

“மருமகன்.”

“பொறுமைசாலியோ? கோவக்காரனோ?”

“தெரியாது.”

“குடிப்பழக்கம்?”

“இல்லையெண்டுதான் சொல்லினம்.”

“வெயிலுக்கை விடுவாரோ? மழைக்கு ஒதுக்க இடம் இருக்கோ? ஒரு சொட்டு எண்ணெய் குறைஞ்சாலும் இவவுக்கு மூச்சு வாங்கும். அதை ஆரும் கவனிப்பினமோ?”

நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைக் கட்டிக்கொடுக்கப் போகிற இடத்தில் இப்படி ஒரு கேள்வியையாவது எங்கள் பக்கத்தில் யாரும் கேட்டிருக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டிலும் நகையின் நிறையைத்தான் விசாரித்தார்கள். நான் மூச்சு விடுகிறேனா இல்லையா என்பது பேச்சில் வரவில்லை.

டொக்டர் காரின் முன்பக்கத்தைத் தடவினார். கண் கலங்கிவிட்டது. குசினி வாசலில் நின்ற அவருடைய மனைவி ஐயாவிடம் சொன்னார்: “என்னை ஒரு நாளும் உப்பிடிப் பாக்கேல்லை.”

பிறகு, “பிள்ளை ஓடிப் பாக்கட்டும்,” என்றார் டொக்டர்.

ஏறி இருந்தேன். கால் இரண்டும் நேரே நீண்டன, நிலத்தில் இருப்பதுபோல. மரத்தால் செய்த ஸ்ரியறிங் மெல்லிசாக விரலுக்குள் அடங்கியது. படலையைத் தாண்டி ஒழுங்கையில் இறங்கியதும் எஞ்சின் ஒரு சத்தம் போட்டது. இரண்டு பக்கமும் புகையிலைத் தோட்டம், முகத்தில் காத்து, பின்னால் செம்பாட்டுப் புழுதி. கலியாணம் பேசத் தொடங்கிய நாளில் இருந்து நான் சிரித்திருக்கவில்லை. அன்றைக்குச் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்தில் ஐயா ஒரு கையால் சால்வையையும் மறு கையால் கதவையும் பிடித்துக்கொண்டு இருந்தார்.

திரும்பி வந்து நிறுத்தியதும் சொன்னார்: “இது உன்ரை பேரிலைதான் எழுதிறது. சீதனம் பெண்ணுக்குக் குடுக்கிறது. எங்கடை தேசவழமைச் சட்டம் அப்பிடித்தான் சொல்லுது. அவையள் அதை மறந்துபோவினம். நீ மறக்காதை.”

விலையைப் பற்றி இருவரும் பேசியது வெளியே போய் நின்று. எனக்குக் கேட்கவில்லை.

கண்ணாடியில் தெரிந்த மாப்பிள்ளை

கால்மாறிப் போன அன்றைக்குக் கீரிமலைக்கு நாங்கள் இரண்டு பேரும் முன்னால் போனோம். மாமியும் மகள்மாரும் வாடகைக் காரில் பின்னால் வந்தார்கள், எங்கள் புழுதியைக் குடித்துக்கொண்டு. கேணியடியில் யாரோ கேட்டதற்கு மாமி சொன்னது காதில் விழுந்தது: “உது லண்டன் கார். பெரிய டொக்டர்மார் மட்டும்தான் ஓடுறது. எங்கடை தம்பிக்கெண்டு அங்கையிருந்து எடுப்பிச்சது.” ஏறாத காரையும் வீணாக்காத மனுசி.

பிறகு நாங்கள் அரியாலையில் சீதன வீட்டுக்குக் குடிவந்தோம். ஊர் காருக்குத் தவக்கைக் கார், அதாவது தவளைக் கார், என்று பெயர் வைத்தது. பச்சை, பதிந்த உடம்பு, முழி. வேறு பெயர் பொருந்தாது.

சிவபாலன் கலியாணத்துக்கு முன் சைக்கிளில் கச்சேரிக்குப் போய்வந்த அமைதியான மனிதர். அந்தக் காரில் ஏறினதும் அவருக்கு என்னவோ நடந்தது. முதலில் கறுப்புக் கண்ணாடி வந்தது. பிறகு ஒரு தொப்பி. பிறகு தோல் கையுறை, யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில். ஒரு முழங்கையைக் கதவில் போட்டுக்கொண்டு ஓடுவார். கடைக் கண்ணாடிகளில் தன்னைப் பார்ப்பதற்காக நகரத்துக்குள் வேகத்தைக் குறைப்பார். கியர் மாற்றும்போது அவரும் பல்லைக் கடிப்பார், கியரும் கடிக்கும்.

காகம் எச்சமிட்டால் அன்றைக்கு வீட்டில் ஒருவரும் கதைக்கக்கூடாது. கச்சேரியில் காரை நிறுத்திவிட்டு யன்னலால் பார்த்துக்கொண்டே இருப்பாராம். அவருடைய மேசையில் கோப்புகள் தேங்கிப்போன விசயம் அப்போது பலருக்குத் தெரியும்.

நான் பக்கத்து இருக்கையில் போவேன். வெயிலில் சூடேறிய தோல் இருக்கை சேலைக்குள்ளால் சுடும். தலைமயிரை இறுக்கிக் கட்டாவிட்டால் இறங்கும்போது பேய் பிடித்தவளைப்போல இருப்பேன். “நான் ஒருக்கால் ஓடட்டே?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“ஆம்பிளை இருக்கப் பொம்பிளை ஓடினால் சனம் என்ன சொல்லும்? நீர் சும்மா இரும்.”

சும்மா இருந்தேன். அவர் சைக்கிளில் போகிற நாட்களில் மட்டும், எஞ்சினைச் சூடாக்குகிறேன் என்று சொல்லி, வளவுக்குள் கிணற்றடியில் இருந்து படலை வரை முன்னுக்கும் பின்னுக்கும் ஓடினேன். உரிமைக்காரி ஓடிய தூரம் அவ்வளவுதான்.

இதற்கிடையில் இந்திய ஆமி வந்தது. ஒரு அதிகாரி எங்கள் வளவைச் சோதிக்க வந்து, காரில் ஏறி இருந்து படம் பிடித்துக்கொண்டு போனார். தன் கார் என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பியிருப்பார். என் கணவருக்கு அதில் கோபமில்லை. “நல்ல ரசனையுள்ள மனுசன்,” என்றார். அந்த மனுசனின் ஆட்கள் எங்கள் வேலியைப் பிடுங்கி எரித்ததை அவர் கவனிக்கவில்லை.

வேண்டாம் அண்ணை

பிறகு பெற்றோலுக்குத் தடை வந்தது. யாழ்ப்பாணத்துக் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெய்க்கு மாறின. தொடங்குவதற்கு மட்டும் கொஞ்சம் பெற்றோலைக் காட்டி, பிறகு மண்ணெண்ணெயில் விடுவார்கள். ஐயாவின் பழைய காரைப் போன்ற ஏழை எஞ்சின்கள் அதைக் குடித்து, இருமி இருமி ஓடின. எங்கள் தவக்கைக்கு மண்ணெண்ணெய் பிடிக்கவில்லை. ஒருமுறை ஊற்றிப் பார்த்தோம். வளவு முழுக்கப் புகை பரப்பிவிட்டு வெடியோசையோடு நின்றது. பக்கத்து வீட்டார் ஷெல் என்று நினைத்துப் பங்கருக்குள் இறங்கிவிட்டார்கள்.

அதே காலத்தில் இயக்கப் பொடியள் வாகனங்களை எடுக்கத் தொடங்கினார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு வான் போனது, ஒரு லொறி போனது. சிவபாலன் காருக்கு மேல் பாய், பாய்க்கு மேல் ஓலை, ஓலைக்கு மேல் விறகு என்று அடுக்கிவைத்தார். ஆனாலும் வந்தார்கள். விறகை அகற்றி, ஓலையை அகற்றி, பாயை உயர்த்திப் பார்த்தார்கள்.

பொறுப்பாக வந்தவன் குனிந்து இருக்கைகளுக்குப் பின்னால் பார்த்தான். பிறகு கேட்டான்: “அண்ணை, உதிலை என்னத்தை ஏத்திறது?”

“ரெண்டு பேர் போகலாம்,” என்றார் இவர்.

“ரெண்டு பேர் போறதுக்கு எங்களிட்டைச் சைக்கிள் இருக்கு.”

பாயை இழுத்து மூடிவிட்டுப் போனார்கள். நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். இவருக்கு முகம் கறுத்துவிட்டது. “எஞ்சினைத் திறந்துகூடப் பாக்கேல்லை. அவங்களுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்?” என்று சாப்பிடாமல் இருந்தார். பறித்துக்கொண்டு போயிருந்தால் அழுதிருப்பார். பறிக்காமல் போனது அதைவிடப் பெரிய நோவாக இருந்தது.

மாமியின் ஊரை ஆமி பிடித்ததும் அந்த நாட்களில்தான். ஒரு ட்ரக்டர் பெட்டியில், பலரோடு பலராக, இரண்டு பைகளுடன் மாமி எங்கள் வீட்டில் வந்து இறங்கினார். மகள்மார் கலியாணம் முடித்து வெளிநாடு போயிருந்தார்கள். அரக்குப் பட்டு, வீடு, கேணி, கோயில் எல்லாம் அந்தப் பக்கம் நின்றுவிட்டன. மாமி அழவில்லை. வளவில் நின்ற காரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். பிறகு அயலில் இருந்து வந்தவர்களிடம் அவர் சொன்னது: “பொடியள் இதைக் கேட்டுக் கெஞ்சினவங்கள். தம்பி மாட்டன் எண்டிட்டான்.”

ஒரு போத்தல் பெற்றோல்

ஐயா மாரடைப்பில் போய்ச் சில மாதங்கள் இருக்கும். என் கணவர் ஒரு நாள் முகம் மலர வந்தார். ஒரு வியாபாரி தன் மகனின் கலியாண ஊர்வலத்துக்கு அந்தக் காரை விரும்புகிறாராம். காரைக் கொடுத்தால் இவரைக் கனடாவுக்கு அனுப்புகிற வேலையை அவர் பார்ப்பாராம்.

“நானும் மாமியும்?” என்று கேட்டேன்.

“பிறகு கூப்பிடுவன். நீர் ஒரு கையெழுத்து வைச்சால் சரி. காரை ஓடிக் காட்டவேணுமாம்.”

ஓடிக் காட்டுவதற்கு ஒரு போத்தல் பெற்றோல் வாங்கி, அலுமாரியில் தன் சேட்டுகளுக்குப் பின்னால் வைத்தார். அந்த நாளில் பெற்றோல் என்பது வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் கிடைக்காத பொருள்.

கையெழுத்து வைக்கமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. யோசிக்கவேண்டும் என்றேன். மாமிக்கு அது பொறுக்கவில்லை. “ஆம்பிளை முன்னேறுறதுக்குக் குறுக்கை நிக்கிறாய்,” என்றார். “அது அவன்ரை கார்.”

“இல்லை மாமி. என்ரை கார்.”

அதற்குப் பிறகு வீட்டில் மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை. ஐயா எனக்குத் தந்ததில் யாரும் கேட்காமல் தந்தது அந்தச் சிரிப்பு ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது. அதை ஊர்வலத்துக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அதே நேரம் இவரைப் பிடித்துவைத்து என்ன செய்யப் போகிறேன் என்பதும் தெரியவில்லை.

வியாபாரி வருவதாக இருந்ததற்கு முதல் நாள், நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. காலையில் இவர் கச்சேரிக்குப் போன பிறகு, மாமி கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தார். ஓடிப் போய்ப் பார்த்தேன். இடது கால் முழங்காலுக்குக் கீழே பார்க்கக்கூடாத பக்கத்துக்குத் திரும்பியிருந்தது. சைக்கிளில் ஏற்ற முடியாது. வாடகை வாகனம் என்று ஒன்று ஊரில் இல்லை.

அலுமாரியைத் திறந்து சேட்டுகளை நிலத்தில் தள்ளினேன். போத்தலை எடுத்துத் தாங்கிக்குள் கவிழ்த்தேன். அயலில் நாலைந்து பேர் வந்து மாமியைத் தூக்கிப் பக்கத்து இருக்கையில் வைத்து, காரைத் தள்ளினார்கள். ஒழுங்கை முடிவில் தவக்கை ஒருமுறை இருமி, பிறகு உடுவிலில் போட்ட அதே சத்தத்தைப் போட்டது.

கண்டி வீதியில் ஏறினேன். மாமி பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். கொஞ்சத் தூரம் போனதும் கண்ணைத் திறந்தார். றோட்டோரம் சைக்கிளில் போனவர்கள் எல்லாம் இறங்கி நின்று பார்த்தார்கள். பெற்றோலில் ஓடுகிற காரை அவர்கள் கண்டு எவ்வளவோ காலம். முன்னால் கடைகள் நிறைந்த சந்தி தெரிந்தது.

“மெல்லப் போ பிள்ளை,” என்றார் மாமி.

“நோகுதோ மாமி?”

“நோகுதுதான். சந்தியாலை மெல்லப் போ. சனம் பாக்கட்டும்.”

மெல்லப் போனேன். மாமி குலைந்த கொண்டையைக் கையால் சரிசெய்து நிமிர்ந்து இருந்தார்.

பெரியாசுப்பத்திரி வாசலில் பெற்றோல் முடிந்தது.

பின்னேரம் இவர் மூச்சிரைக்க வார்டுக்குள் வந்தார். மாமி கட்டிலில், கால் முழுக்கச் சீமெந்துக் கட்டோடு கிடந்தார். நான் தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தேன்.

“பெற்றோல் எங்கை?” என்று இவர் என்னிடம் கேட்டார்.

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மாமி சொன்னார். “நான் குடிச்சிட்டன்.”

இவருக்கு விளங்கவில்லை. “அம்மா, நாளைக்கு அந்த மனுசன் வாறார்.”

“ஓம். முழுப் போத்தலையும் நான்தான் குடிச்சனான். இப்ப என்ரை கால் எப்பிடி எண்டு கேளன்.”

அவர் கேட்டார். ஆனால் அது இரண்டாவதாக வந்த கேள்வி. மாமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிளச்

அயலவர்கள் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்த, ஓடாத காரைப் பார்த்துவிட்டு வியாபாரி போய்விட்டார். மகனின் ஊர்வலத்துக்குக் குதிரை வண்டி பிடித்ததாகக் கேள்வி. கனடாக் கதை அத்தோடு ஆறிப்போனது.

மாமி வீட்டுக்கு வந்ததும் ஒரு சிக்கல். கட்டுப் போட்ட காலை மடக்க முடியாது, எந்தக் கதிரையும் சரிவரவில்லை. காரில்தான் கால் நேரே நீளும். பலாமரத்துக்குக் கீழே காரைத் தள்ளிவிட்டு மாமியை அதில் இருத்தினோம். பார்க்க வந்தவர்களை மாமி அங்கேயே வரவேற்றார், பெரிய இடத்து மனுசிபோல. பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து நான் பக்கத்தில் ஏறி இருப்பேன். அத்தனை வருசத்தில் நானும் மாமியும் முதல் முதலாகக் கதைக்கத் தொடங்கியது அங்கேதான். தன் கலியாணத்தில் தன் வீட்டார் என்னென்ன கொடுத்தார்கள், அதில் எதெது தன் கைக்கு வரவே இல்லை என்று ஒரு நாள் சொன்னார். சொல்லி முடிய வெகு நேரமானது.

சீமெந்துக் கட்டை வெட்டி எடுத்ததும், காலை அமத்திப் பழகவேண்டும் என்றார் ஆசுப்பத்திரி டொக்டர். எனக்கு உடனே கிளச் நினைவுக்கு வந்தது. மாமியை ஓட்டுகிற இருக்கைக்கு மாற்றினேன். இடது காலால் அமத்து, விடு. அமத்து, விடு. சில நாளில் மாமி கேட்டார்: “அமத்தினாப் போலை என்ன செய்யிறது?”

“கியர் போடுறது.”

“எப்பிடி?”

காட்டினேன். ஒரு துளி பெற்றோல் இல்லாமல், மரத்தடியில் நின்ற காரில், என் மாமி கார் ஓடப் பழகினார். அவருடைய கியர் ஒரு நாளும் கடிக்கவில்லை.

ஒரு பின்னேரம் இவர் கச்சேரியால் வந்து, சைக்கிளோடு காருக்கு நேர் முன்னால் நின்றார். முகத்தில் பழைய மலர்ச்சி. “அம்மா, இன்னொராள் காரைப் பாக்க வாறனெண்டு சொல்லியிருக்கிறார். இவவிட்டை நீங்கள் ஒருக்கால் எடுத்துச் சொல்லுங்கோ.”

மாமி என்னைப் பார்க்கவில்லை. ஸ்ரியறிங்கை இரண்டு கையாலும் பிடித்தார். கிளச்சை அமத்தி முதல் கியரைப் போட்டார். மகனைத் தாண்டிப் படலையைப் பார்த்தபடி சொன்னார்:

“விலத்து தம்பி. கார் வருது.”

அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு விலத்தினார்.